செடி குளிர்காலத்தைத் தாண்டுமா? ஸோன் எண் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டெம்பர் பிறந்ததும் ரொறன்ரோப் பக்கத்துத் தமிழர் வீடுகளில் இதே பேச்சுத்தான்: எந்தச் செடியை உள்ளே எடுப்பது, எதை வெளியே விடுவது? கடையில் செடியோடு வரும் சீட்டில் "ஸோன்" என்று ஓர் எண் இருக்கிறது. அதைப் பார்த்து வாங்கிய செடியும் சில வேளை செத்துப்போகிறது. "இங்கே வராது" என்று எல்லாரும் சொன்ன அத்திமரம் பக்கத்து வளவில் வருடக்கணக்காக நின்று காய்க்கிறது. ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் ஸ்காபரோ, மார்க்கம், அஜாக்ஸ், பிரம்டன் தோட்டங்களை மனதில் வைத்திருக்கிறேன். லண்டனிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்கானதும் இடையிடையே வரும். அளவுகள் எல்லாம் செல்சியஸில்.

சீட்டில் "ஸோன் 5" என்று இருந்தால் என்ன அர்த்தம்?

அது அமெரிக்க விவசாயத் துறையின் கணக்கு. ஓர் இடத்தில் ஒவ்வொரு வருடமும் மிகக் குளிர்ந்த இரவு எத்தனை டிகிரிக்கு இறங்கியது என்று பார்க்கிறார்கள். அப்படி 30 வருடத்து எண்களை எடுத்துச் சராசரி போடுகிறார்கள். அந்தச் சராசரியை வைத்து நிலப்பரப்பை 13 ஸோன்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு ஸோனுக்கும் அடுத்ததற்கும் 10 டிகிரி பாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 5.6 டிகிரி செல்சியஸ் வித்தியாசம். ஒவ்வொரு ஸோனையும் ஏ, பி என்று பாதியாகவும் பிரித்திருக்கிறார்கள். ஏ குளிர் கூடிய பாதி, பி சற்று மிதமான பாதி.

நமக்கு வேண்டிய எண்கள் இவை. ஸோன் 5 என்றால் மைனஸ் 29 முதல் மைனஸ் 23 வரை. ஸோன் 6 மைனஸ் 23 முதல் மைனஸ் 18 வரை. ஸோன் 7 மைனஸ் 18 முதல் மைனஸ் 12 வரை. ஸோன் 8 மைனஸ் 12 முதல் மைனஸ் 7 வரை. ஸோன் 9 மைனஸ் 7 முதல் மைனஸ் 1 வரை. ஸோன் 10 வந்தால்தான் பூச்சியத்துக்கு மேலே ஏறத் தொடங்குகிறது. எண் சிறியதாக இருந்தால் குளிர் அதிகம். ஆகவே "ஸோன் 5" என்று போட்ட செடி ஸோன் 5, 6, 7 எல்லாவற்றிலும் குளிரைத் தாங்கும், ஸோன் 4இல் நம்ப முடியாது.

ஒரேயொரு விடயத்தைத்தான் இந்த எண் சொல்கிறது: அந்த ஒரு கடுங்குளிர் இரவு. மழை, ஈரம், காற்று, பனியின் ஆழம், கோடை வெய்யில், மண், கடைசி உறைபனி எப்போது என்பது எதுவும் அதில் இல்லை. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

இந்த வரைபடம் எப்போது வந்தது? மாறிக்கொண்டே இருக்கிறதாமே?

அமெரிக்க விவசாயத் துறையின் முதல் வரைபடம் 1960இல் வந்தது. அதற்கு முன்பே, 1927இல், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஆர்னோல்ட் மரத்தோட்டத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரேடர் இதே எண்ணத்தில் ஒரு வரைபடம் போட்டிருந்தார். இப்போது புழக்கத்தில் இருப்பது 2023 நவம்பரில் வெளியானது, 1991 முதல் 2020 வரையான குளிர்காலங்களை வைத்துக் கணக்கிட்டது. அதற்கு முந்தைய 2012 வரைபடத்தோடு ஒப்பிட்டால் அமெரிக்காவின் ஏறக்குறைய பாதி நிலப்பரப்பு அரை ஸோன் மேலே ஏறியிருக்கிறது. பழைய புத்தகத்தில் உங்கள் ஊருக்கு வேறு எண் இருந்தால் அதுதான் காரணம்.

ரொறன்ரோ எந்த ஸோன்? ஒருவர் 6 என்கிறார், இன்னொருவர் 7 என்கிறாரே?

இரண்டு பேரும் சரி. கனடாவுக்கு என்று தனி வரைபடம் இருக்கிறது. 1960களில் கனடிய விவசாயத் துறை தொடங்கியதை இப்போது இயற்கை வளத் துறை பராமரிக்கிறது. அமெரிக்கர்கள் ஒரு எண்ணை மட்டும் பார்க்க, கனடியர்கள் ஏழு விடயங்களைச் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள்: மிகக் குளிர்ந்த மாதத்தின் வெப்பம், உறைபனி இல்லாத நாட்களின் நீளம், கோடையிலிருந்து இலையுதிர்காலம் வரையான மழை, கோடையின் உச்ச வெப்பம், ஜனவரி மழை, பனியின் ஆழம், காற்றின் வேகம். செடியின் வாழ்க்கைக்கு இது நெருக்கமான கணக்கு என்பது என் கருத்து.

சிக்கல் என்னவென்றால், ஒரே இடத்துக்குக் கனடிய எண் பெரும்பாலும் ஒன்று கூடுதலாக வருகிறது. ரொறன்ரோவின் ஏரிக்கரைப் பகுதி கனடிய வரைபடத்தில் 7, அமெரிக்க முறையில் 6. கடையில் விற்கும் செடிகளின் சீட்டு பல வேளை அமெரிக்காவில் அச்சடித்தது. கனடிய எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்கச் சீட்டை வாசித்தால் ஒரு ஸோன் ஏமாறுவீர்கள். இயற்கை வளத் துறையின் இணையத்தளத்தில் இரண்டு முறையிலும் உங்கள் ஊரைப் பார்க்கலாம், இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த முறை என்று சீட்டில் போடவில்லையா? அமெரிக்க முறை என்றே எடுத்துக்கொள்ளுங்கள், நட்டம் வராது.

ஒரே நகரத்துக்குள்ளும் வித்தியாசம் உண்டு. ஸ்காபரோ மேட்டுக்கரைக்கு அருகே இருப்பவருக்கு ஒன்ராறியோ ஏரி பெரிய துணை. ஏரித்தண்ணீர் மெதுவாகத்தான் குளிரும், அதனால் கரையோர இரவுகள் அவ்வளவு இறங்குவதில்லை. வடக்கே மார்க்கம், ஸ்ரூவ்வில் என்று போகப்போக அந்தத் துணை குறைகிறது.

லண்டனில் இருக்கிறேன். இங்கே "எச்5" என்று போடுகிறார்கள். அது என்ன?

பிரித்தானியாவின் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தரவரிசை அது. ஸோன் இடத்துக்குக் கொடுக்கும் எண். எச் தரம் செடிக்குக் கொடுப்பது. இங்கே எண்கள் தலைகீழ்: எண் ஏற ஏறச் செடி குளிரைத் தாங்கும். எச்7 என்றால் மைனஸ் 20க்குக் கீழேயும் பிழைக்கும். எச்6 மைனஸ் 20 வரை, எச்5 மைனஸ் 15 வரை, எச்4 மைனஸ் 10 வரை, எச்3 மைனஸ் 5 வரை. எச்2 உறைபனியைத் தாங்காது. எச்1 என்றால் கண்ணாடி வீடோ வீட்டின் உள்ளேயோ வேண்டும். அதிலும் ஏ, பி, சி என்று மூன்று படி உண்டு. நம் ஊர்ச் செடிகள் அநேகமாக எல்லாம் இந்த எச்1க்குள்தான் வரும்.

அமெரிக்கக் காணொளி பார்த்து லண்டனில் செடி வாங்குபவர்கள் இந்தத் தலைகீழில்தான் குழம்புகிறார்கள். ஸோன் 4 செடி இரும்பு மாதிரி. எச்4 செடி சாதாரண ஆங்கிலக் குளிருக்கு மட்டும்.

ஹூஸ்டனில் இருக்கும் என் அக்கா வீட்டில் முருங்கை காய்க்கிறது. லண்டனும் ஸோன் 9தானே, எங்களுக்கு ஏன் வரவில்லை?

குளிர்காலத்தின் அடிமட்டம் இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கோடை ஒன்றல்ல. ஹூஸ்டனில் உறைபனி அடித்து முருங்கை தரைமட்டம் வரை கருகினாலும், வேர் பிழைத்துக்கொண்டு வசந்தத்தில் மறுபடி தளிர்க்கும். பிறகு மாதக்கணக்கில் 30 டிகிரிக்கு மேல் வெய்யில். அந்த வெய்யிலில் ஒரே பருவத்தில் ஆள் உயரம் தாண்டிப் பூத்துக் காய்க்கும். லண்டன் கோடையில் முருங்கைக்கு அப்படி ஓடி வளர வெப்பம் போதாது; போதாக்குறைக்குக் குளிர்கால ஈரத்தில் வேர் அழுகிவிடும்.

சியாட்டிலும் டலஸும் இப்படித்தான் அடுத்தடுத்த எண்ணில் நிற்கின்றன, தோட்டங்களோ இரண்டு உலகம். இந்தக் குறைக்காகத்தான் அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் 1997இல் வெப்ப வரைபடம் ஒன்றைத் தனியாக வெளியிட்டது. வருடத்தில் எத்தனை நாள் 30 டிகிரி தாண்டுகிறது என்று அது சொல்லும். நல்ல வரைபடம், ஆனால் கடைக்காரர்கள் அதைச் சீட்டில் போடுவது அபூர்வம்.

ஸோன் சரியாகப் பார்த்து நட்டால் செடி சாகாது என்று நம்பலாமா?

சராசரி என்பதை மறக்க வேண்டாம். சராசரியை விடக் கீழே இறங்கும் வருடங்களும் அந்த 30க்குள் இருக்கின்றன. 2021 பெப்ரவரி 16ஆம் திகதி டலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 பதிவானது. அந்த ஊர் அப்போது ஸோன் 8. மைனஸ் 12க்குக் கீழே போகாது என்று எண்ணி நட்ட பனை வகைகளும் மற்றச் செடிகளும் டெக்சஸ் முழுக்கக் கருகின.

செடி பிழைத்தும் பலன் போகலாம். 2023 பெப்ரவரி 4ஆம் திகதி பொஸ்டனில் மைனஸ் 23 வரை இறங்கியது. நியூ இங்கிலாந்து மாநிலங்களில் பீச் மரங்கள் நின்றன, ஆனால் அந்த வருடம் பழம் அநேகமாக இல்லை. பீச்சின் மரக்கட்டையை விடப் பூமொட்டு மென்மையானது, மைனஸ் 23ஐ ஒட்டியே மொட்டுகள் சாகத் தொடங்கும். சீட்டில் இருக்கும் ஸோன் மரம் பிழைப்பதற்கான எண். பூப்பதற்கும் காய்ப்பதற்குமான உத்தரவாதம் அதில் இல்லை. நீலப்பூ ஹைட்ரேஞ்சியா இலையாக மட்டும் வளர்ந்து பூக்காமல் நிற்பதும் இதே கதைதான்: போன வருடத்துத் தண்டில் இருந்த மொட்டைக் குளிர் எடுத்துவிட்டது.

விலை உயர்ந்த மரம், வேலி, நிழலுக்கு வைக்கும் மரம் என்றால் உங்கள் ஸோனை விட ஒரு எண் குறைந்ததாக வாங்குங்கள். பத்து டொலர் பூச்செடி என்றால் துணிந்து பார்க்கலாம்.

மைனஸ் 25இல் ஒரு மரம் எப்படி உயிரோடு நிற்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதற்கான பதில் விளங்கினால் எப்போது உரம் போடுவது, எப்போது வெட்டுவது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

தண்ணீர் உறைந்தால் பனிக்கட்டி ஆகும். அந்தக் கட்டி கலத்துக்குள்ளே உருவானால் சவ்வுகளைக் கிழித்துவிடும், கலம் அவ்வளவுதான். குளிரைத் தாங்கும் செடி அந்தக் கட்டியைக் கலத்துக்கு வெளியே, கலங்களுக்கு இடையிலுள்ள இடத்தில் உருவாக விடுகிறது. வெளியே கட்டி வளர வளர உள்ளேயிருந்து தண்ணீரை அது இழுக்கும். உள்ளே மிஞ்சுவது சீனிச்சத்துக் கூடிய கெட்டியான சாறு. அது எளிதில் உறையாது. ஆக, கலம் வற்றிப்போய்த்தான் பிழைக்கிறது. ஓக் போன்ற மரங்களின் கட்டையில் சில கலங்களுக்குள் தண்ணீர் மைனஸ் 40ஐ நெருங்கும் வரை உறையாமலே இருக்கும்.

இந்தத் தயார்நிலை ஒரே இரவில் வருவதில்லை. ஓகஸ்ட் கடைசியில் பகல் சுருங்கத் தொடங்கும்போதே செடி வளர்ச்சியை நிறுத்துகிறது. பிறகு குளிர்ந்த இரவுகள், அதன்பின் முதல் உறைபனி, ஒவ்வொன்றும் அதை ஒரு படி இறுக்குகிறது. ஜனவரியில் மைனஸ் 25ஐப் பொறுக்கும் அதே செடி, ஒக்ரோபரில் திடீரென்று மைனஸ் 8 வந்தால் சாகலாம். ஏப்ரலில் தளிர்விட்ட பிறகு மைனஸ் 3 போதும் தளிரைக் கருக்க. 2007 ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்கிழக்கில் இதுதான் நடந்தது. மார்ச் மாதம் கோடை போல இருந்தது, மரங்கள் துளிர்த்தன. ஈஸ்டர் வார உறைபனியில் பழத்தோட்டங்கள் போயின. எந்த ஸோன் வரைபடத்திலும் இது தெரியாது.

இதிலிருந்து வரும் நடைமுறை: ஓகஸ்ட் தொடங்கியபின் வெளியே நிற்கும் மரம், ரோசா, பல்லாண்டுச் செடிகளுக்குத் தழைச்சத்து உரம் போடாதீர்கள். அப்போது வெட்டவும் வேண்டாம். இரண்டும் புதுத் தளிரைக் கிளப்பும், அந்தத் தளிருக்குத் தயாராக நேரம் இருக்காது.

வாழை, மா, கறிவேப்பிலை போன்றவற்றிடம் இந்த ஏற்பாடே கிடையாது. பூச்சியத்துக்கு மேலே, 5 அல்லது 8 டிகிரியிலேயே அவற்றுக்கு நோவு தொடங்கிவிடும். "கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் வெளியே விடலாமா" என்று பலர் கேட்கிறார்கள். பழக்க முடியாது.

ஸோன் 4 லவெண்டர், ஸோன் 4 ஹியூகெரா (வண்ண இலைக்காக வளர்க்கும் சிறு பல்லாண்டுச் செடி) வாங்கினேன். இரண்டும் வசந்தத்தில் இல்லை. குளிரா கொன்றது?

அநேகமாக இல்லை. ரொறன்ரோத் தோட்டங்களில் குளிரை விட ஈரம் கொல்லும் செடிகள் அதிகம். இங்குள்ள பல வளவுகளில் கீழே களிமண். நவம்பரில் பெய்த மழையும் பெப்ரவரியில் உருகிய பனியும் வடிய வழியில்லாமல் வேரடியில் தேங்கும். லவெண்டர், சேஜ், ரோஸ்மேரி போன்றவை காய்ந்த கல்மண் மலைச்சரிவுகளில் பிறந்தவை. அவற்றுக்கு அந்த ஈரம் நஞ்சு. அரையடி மேடு கட்டி, மண்ணோடு பருக்கைக் கல் கலந்து நட்டால் அதே லவெண்டர் பிழைக்கும். ரோஸ்மேரி மட்டும் ஸோன் 7, 8க்கான செடி, அதை உள்ளே எடுத்தே ஆகவேண்டும்.

ஹியூகெராவின் கதை வேறு. மார்ச் மாதம் பகலில் மண் உருகி இரவில் உறையும். உறையும்போது மண் வீங்கும், வீங்கும்போது செடியை மேலே தள்ளும். இப்படியே இரண்டு மூன்று வாரம் போனால் செடி வேரோடு வெளியே வந்து கிடக்கும். கிட்டப்போய்ப் பாருங்கள்: தண்டின் அடி தரையிலிருந்து இரண்டு விரல் மேலே நிற்கும், பக்கத்து வேர்கள் நூல் நூலாகக் காற்றில் காய்ந்திருக்கும். தண்டு இன்னும் இறுக்கமாக இருந்தால் உள்ளங்கையால் மெல்ல அமுக்கி, மண் அணைத்து, தண்ணீர் விடுங்கள். பலதும் தேறிவிடும். ஒக்ரோபர் கடைசியில் நட்டவைதான் இப்படி அதிகம் வெளியே வரும், வேர் ஓடப் போதிய நாள் இல்லாததால். செப்டெம்பர் நடுவுக்குள் நட்டுவிடுவது நல்லது.

இன்னும் சில காரணங்கள். எப்போதும் பச்சையாக நிற்கும் சீடர், பொக்ஸ்வூட் போன்றவை குளிர்காலக் காற்றிலும் வெய்யிலிலும் இலைவழியே ஈரத்தை இழக்கின்றன, உறைந்த மண்ணிலிருந்து வேர் அதை ஈடு செய்ய முடியாது. அதனால் மண் உறையும்முன் நவம்பரில் அவற்றுக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள், காற்று அடிக்கும் பக்கத்தில் கம்பு ஊன்றிச் சாக்குத்துணி கட்டுங்கள். தெருவோரச் செடியைச் சாலையில் தூவும் உப்பு எரிக்கும். முயல் பனிக்கு மேலே நின்று பட்டையைக் கடிக்கும், வயல் எலி பனிக்குக் கீழே சுற்றிக் கடிக்கும். இளமரத்தின் அடியில் கம்பிவலை சுற்றிவிடுங்கள்.

பூச்சாடியில் இருக்கும் செடியை வெளியே விடலாமா?

நிலத்தில் நிற்பதற்கும் சாடியில் நிற்பதற்கும் பெரிய வித்தியாசம். நிலத்தின் கீழே மண் ஒருபோதும் காற்றளவு குளிர்வதில்லை. சாடியிலோ வேருக்கு நாற்புறமும் குளிர். கிளையை விட வேர் எப்போதும் மென்மை: மைனஸ் 25ஐத் தாங்கும் கிளை உள்ள செடிக்கும் இளவேர் மைனஸ் 5, மைனஸ் 10 அளவிலேயே செத்துவிடலாம். அதனால் தோட்டக்காரர்கள் சொல்லும் கணக்கு, சாடிச் செடி உங்கள் ஊரை விட இரண்டு ஸோன் குளிரைத் தாங்குவதாக இருக்க வேண்டும். ஸோன் 6இல் இருந்தால் ஸோன் 4 செடி வாங்குங்கள். இல்லையென்றால் சாடியோடு நிலத்தில் புதைத்துவிடுங்கள், அல்லது சூடாக்காத கராஜில் சுவரோரம் வைத்து மாதம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் காட்டுங்கள். களிமண் சாடி வெடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பனி விழுவது செடிக்குக் கெடுதலா?

நல்லது, மிகவும் நல்லது. ஓரடிப் பனிக்குக் கீழே மண் பூச்சியத்தை ஒட்டியே இருக்கும், மேலே காற்று மைனஸ் 20 ஆனாலும். நிலத்தோடு ஒடுங்கும் செடிகளைப் பொறுத்தவரை, பனி நிறைய விழும் வடக்கு ஊர் பனி இல்லாத தெற்கு ஊரை விடப் பாதுகாப்பானதாகவும் அமையலாம். உப்புச் சேராத பனியை வழித்துப் பூம்பாத்திக்கு மேலே போடுங்கள். சீடர் மேல் ஈரப்பனி குவிந்து கிளை வளைந்தால் தும்புத்தடியால் கீழிருந்து மேலாகத் தட்டுங்கள். பனிக்கட்டி பிடித்த கிளையைத் தொடாதீர்கள், ஒடிந்துவிடும்.

மூடாக்கு எப்போது போடுவது?

எல்லாரும் அவசரப்படும் இடம் இது. செடியைச் சூடாக வைத்திருக்க அல்ல மூடாக்கு. உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்து, அந்த மார்ச் மாத வீங்கலைத் தடுக்கத்தான். ஆகவே மண் மேற்பரப்பு உறைந்தபின், நவம்பர் கடைசி அல்லது டிசம்பரில், நாலு அங்குலம் உதிர்ந்த இலையோ மரச்சீவலோ போடுங்கள். ஒக்ரோபரிலேயே போட்டால் மண் சூடாக இருந்து செடி தூங்காமல் வளரும், எலியும் குடிவரும். மரத்தண்டோடு ஒட்டக் குவிக்க வேண்டாம், ஒரு கையளவு இடைவெளி விடுங்கள். ஒட்டு ரோசாவுக்கு மட்டும் ஒட்டு இடம் மறையும்படி ஓரடி உயரம் மண் அணைக்க வேண்டும்.

கறிவேப்பிலை?

அதிகம் வரும் கேள்வி. ஸோன் 9க்குக் கீழே எந்த ஊரிலும் அது வெளியே நிற்காது, 9இலும் தயக்கம்தான். இரவு 10 டிகிரிக்கு இறங்கத் தொடங்கியதும் உள்ளே எடுங்கள். ரொறன்ரோவில் அது செப்டெம்பர் நடுவிலிருந்து கடைசிக்குள் வரும். எடுக்குமுன் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து, நன்றாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். செதிற்பூச்சியும் சிலந்திப்பேனும் வீட்டுக்குள் வந்தால் மார்ச் வரை போகாது.

தெற்கு ஜன்னலில் வையுங்கள். சூடாக்கி ஊதும் துவாரத்துக்கு நேரே வேண்டாம். டிசம்பரில் இலை மஞ்சளாகி உதிரும். வெளிச்சம் குறைந்ததால் உதிர்கிறது, பயப்படத் தேவையில்லை. இங்கேதான் பலர் இரக்கப்பட்டுத் தண்ணீரை ஊற்றிக் கொல்கிறார்கள். இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது. விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் விடுங்கள். உரம், சாடி மாற்றுதல் எல்லாம் மார்ச் கடைசிக்குப் பிறகு. மே மாத விக்டோரியா நாள் கழிந்து, முதலில் நிழல், ஒரு வாரம் பொறுத்து வெய்யில் என்று வெளியே கொண்டுபோங்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோடை, தேசி மரங்களை அழிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்பும் சிறுபூச்சிக்குக் கறிவேப்பிலை மிகவும் பிடித்த செடி. அதனால் சில மாநிலங்களிலிருந்து செடியை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. உறவினர் வீட்டுக் கன்றைக் காரில் எடுத்து வருமுன் விதியைப் பாருங்கள். அந்த நோய்க்கு மருந்து கிடையாது.

மல்லிகையும் செவ்வரத்தையும் வெளியே வளர்ப்பவர்கள் இருக்கிறார்களே?

அவை நம் ஊர் வகை அல்ல. நாம் தலையில் வைக்கும் குண்டுமல்லி ஸோன் 9, 10க்கான செடி, குளிர்காலத்தில் உள்ளேதான் இருக்கவேண்டும். லண்டன் வேலிகளில் படர்ந்து மணப்பது வேறு மல்லிகை. எச்5 தரம், மைனஸ் 15 வரை தாங்கும். லண்டன்காரர்கள் யோசிக்காமல் அதை நடலாம்.

பூசைக்கு வைக்கும் சிவப்புச் செவ்வரத்தையும் உள்ளே போகவேண்டியதுதான். ஆனால் அதன் உறவுகள் இரண்டு ரொறன்ரோக் குளிரை அலட்சியமாகத் தாண்டும். ஒன்று புதராக, ஊதாவும் வெள்ளையுமாகப் பூப்பது. மற்றது சாப்பாட்டுத் தட்டளவு பூவோடு கோடையில் எழுந்து, குளிரில் நிலமட்டத்துக்குச் செத்து, மறுபடி வேரிலிருந்து வருவது. இரண்டும் ஸோன் 5.

வாழையும் அத்தியும்?

ஜப்பான் வாழை என்று ஒன்று இருக்கிறது. இலையுதிர்காலத்தில் இடுப்பளவில் வெட்டி, சுற்றிக் கம்பிவலை கட்டி, உள்ளே உலர்ந்த இலையை நிரப்பி, மேலே மழை படாமல் மூடினால் ஸோன் 6இல் பிழைக்கும். இலை கிடைக்கும். சாப்பிடக்கூடிய பழம் கிடைக்காது.

அத்திக்கு ரொறன்ரோ இத்தாலியர்களிடம் போய்ப் படிக்க வேண்டும். தெற்கு இத்தாலியிலிருந்து தடியாகக் கொண்டுவந்த மரத்தை அவர்கள் வருடாவருடம் மண்ணுக்குள் படுக்க வைக்கிறார்கள். இலை கொட்டியபின், நவம்பரில், கிளைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். மரத்தின் ஒரு பக்கம் நீளக் குழி. குழிப் பக்கத்து வேரையும் எதிர்ப்பக்கத்து வேரையும் மண்வெட்டியால் வெட்டிவிடுவார்கள், மற்ற இரண்டு பக்க வேரும் கீல் போல நிற்கும். பிறகு மரத்தை மெதுவாகக் குழிக்குள் சாய்த்து, மேலே பலகை, இலை, மண். ஏப்ரலில் தோண்டி நிமிர்த்துவார்கள். வேலை கூடியதுதான், ஆனால் ஓகஸ்டில் அந்தப் பழம் பறித்துத் தின்றவர்கள் விடுவதில்லை. அவ்வளவு முடியாதவர்கள் பெரிய சாடியில் வைத்து, இலை கொட்டியதும் கராஜுக்குள் தள்ளிவிடுங்கள். இலை இல்லாததால் வெளிச்சமும் தேவையில்லை.

வசந்தத்தில் காய்ந்த குச்சியாக நிற்கிறது. பிடுங்கலாமா?

பொறுங்கள். நகத்தால் பட்டையை மெல்லக் கீறிப் பாருங்கள். உள்ளே ஈரப்பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. கபிலமாகக் காய்ந்திருந்தால் கொஞ்சம் கீழே இறங்கிக் கீறுங்கள். பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிடலாம். நான் மேலே சொன்ன புதர்ச் செவ்வரத்தை மே கடைசியில்தான் இலை விடும், எத்தனையோ பேர் அதைச் செத்ததென்று எறிந்திருக்கிறார்கள். ஜூன் நடு வரை எதையும் பிடுங்காதீர்கள்.

வெப்பம் ஏறுகிறதே, இனி ஸோன் 7 செடி வைக்கலாமா?

சராசரி ஏறியிருப்பது உண்மை. ஒற்றை இரவு எப்போது இறங்கும் என்பதை யாரும் சொல்ல முடியாது, டலஸ் அதற்குச் சாட்சி. தெற்கு நோக்கிய செங்கல் சுவரோரம் காற்று அடிக்காத மூலை இருந்தால் அங்கே அரை ஸோன், ஒரு ஸோன் கூடுதலாக முயலலாம். வளவின் தாழ்ந்த மூலையில் வேண்டாம், இரவில் குளிர்காற்று அங்கேதான் வந்து தேங்கும்.

குளிர் வேண்டிய செடி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. ஆப்பிள், பியர், செரி எல்லாம் குளிர்காலத்தில் போதிய மணிநேரம் குளிர் பெறாவிட்டால் சரியாகப் பூக்காது. டியூலிப் அப்படித்தான். நம் சமையலுக்கு நேராக உதவுவது உள்ளி. ஒக்ரோபர் நடுவில் நல்ல பெரிய பற்களாகத் தேர்ந்து, தோலோடு, கூர்ப்பக்கம் மேலே இருக்க இரண்டு அங்குலம் ஆழத்தில், ஆறு அங்குல இடைவெளியில் ஊன்றுங்கள். வேர்விட்டுக் குளிருக்குள் போகும். அந்தக் குளிர் கிடைத்தால்தான் பல் பிரியும். கடையில் சமையலுக்கு விற்பதை விட, ஒன்ராறியோ விவசாயிகள் விற்கும் கெட்டித்தண்டு உள்ளியை விதையாக எடுப்பது நல்லது. ஜூனில் நடுத்தண்டு சுருண்டு வரும்போது வெட்டி வறை செய்யலாம். ஜூலை நடுவில், கீழ் இலை நாலைந்து காய்ந்ததும் கிளப்புங்கள்.